பவளப்பாறைச் சின்ன உயிர்கள்: கேட்டதும் சொன்னதும்

முத்தியால்பேட்டை: அண்ணா, கடல்மீன் தொட்டிக்கு நேத்து வாங்கின கிளீனர் இறால் (மீனைச் சுத்தம் பண்ற இறால்) காலைல செத்துக் கிடக்கு. தண்ணி கெட்டுப்போச்சா?

டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். கண்ணாடிபோல் உள்ளே வெறுமையாக, முதுகில் பிளந்திருந்தால் அது உரித்த சட்டை. ஆள் கல்லிடுக்கில் இருப்பார். புது ஓடு கெட்டியாக ஓரிரு நாள் ஆகும், துழாவாதீர்கள். உள்ளே சதை வெளுத்திருந்தால் போய்விட்டது. பெரும்பாலும் உப்பளவு சட்டென மாறியதுதான் காரணம். பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டுத் தொட்டியில் கவிழ்த்தால் மீன் சமாளிக்கும், இறால் தாங்காது. பைத் தண்ணீரோடு வாளியில் விடுங்கள். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு 2, 3 சொட்டாக இறக்குங்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும். பிறகு இறாலை மட்டும் மாற்றுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் மருந்து ஊற்றினீர்களா? பலவற்றில் செம்பு உண்டு. இறால், நத்தை, கடல் சாமந்தி எதுவும் மிஞ்சாது.

நெல்லித்தோப்பு: தொட்டில பீச் தண்ணி ஊத்தலாமா?

இந்தக் கேள்வி இன்றைக்கு மூன்றாவது முறை. வேண்டாம். கரையோரத் தண்ணீரில் சேறும் சாக்கடையும். ஆர்ஓ தண்ணீரில் மரைன் சால்ட் (தொட்டிக்கான கடலுப்பு) கரைத்து, ஒப்படர்த்தி 1.025க்குக் கொண்டு வாருங்கள்.

தேவனாம்பட்டினம்: கரையில நீலமா, காசு மாதிரி, சுத்தி முடியோட ஒதுங்குது. என்ன அது?

நீலப் பொத்தான், போர்பிட்டா. தோலில் பட்டால் லேசான அரிப்புதான். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

வீராம்பட்டினம்: வலையில புள்ளி போட்ட கூம்புச் சங்கு, உயிரோட. எடுக்கலாமா?

கையால் கூடாது. வாயிலிருந்து நீளும் குழாயின் நுனியில் ஈட்டிபோல ஒரு பல், அதன் வழியே விஷம். முறிமருந்து கிடையாது.

அதே நண்பர்: அகலமான பக்கத்தைப் பிடிச்சா குத்தாதுண்ணே. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் குழாய் வளைந்து ஓட்டின் பெரும்பகுதியை எட்டும், பாதுகாப்பான முனை என்று ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வாய்த்தது புழு தின்னும் வகையாக இருந்திருக்கும், அதன் விஷம் குறைவு. மீன் தின்னும் வகை என்றால் மூச்சுத் தசையே செயலிழக்கலாம். குத்தினால் கீறாதே, உறிஞ்சாதே. அகலத் துணியால் இறுக்கிச் சுற்றி, அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரி. மூச்சு நின்றால் வாயோடு வாய் ஊத வேண்டும்.

வேறொருவர்: அந்த விஷத்துல மருந்து செய்யறாங்களாமே?

ஆமாம், ஜிகோனோடைட், கடும் வலிக்கு. 2004இல் அமெரிக்காவில் அனுமதி. அதற்காக வலையில் வந்ததைத் தடவ வேண்டாம்.

அரியாங்குப்பம்: ராமேஸ்வரத்துலேர்ந்து பவளக்கல் கொண்டு வரலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஜெயில்.

லாஸ்பேட்டை: வெள்ளைப்புள்ளி மருந்து இறாலை ஒண்ணும் செய்யாதுன்னு கடைக்காரர் சொன்னாரே?

லேபிளைப் படியுங்கள். காப்பர் என்றிருந்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே ஊற்றுங்கள்.