வகுப்பறை உற்றுநோக்கல்: தலைமையாசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆசிரியரின் வகுப்பை நேரில் பார்த்து மதிப்பிடும் உற்றுநோக்கல் படிவத்தில் 20 அம்சங்கள். வகுப்பில் உட்கார்ந்தபடியே மதிப்பெண் போட்டு முடித்துவிடலாமா?

வேண்டாம். பெரும்பாலான அநியாயம் இங்கேதான் தொடங்குகிறது. முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருந்தால் இருபது அம்சங்களுக்கும் ‘நன்று’ விழும். கரும்பலகை அழிக்காமல் கிடந்தால் இருபதிலும் ஒரு மதிப்பெண் குறையும். படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் இடப்பக்கம் நேரத்தையும் வலப்பக்கம் கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதுங்கள்:

10.12 – ஆசிரியர்: “முக்கால்ல கீழ இருக்கற நாலு எதைக் காட்டுது?” உடனே முதல் வரிசை மாணவி பதில். ஆசிரியர்: “சரி”. அடுத்த கணக்கு.
10.20 – 38 பேரில் 11 பேர் நோட்டைத் திறக்கவில்லை. ஆசிரியர் பலகையில் எழுதுகிறார்.

‘மாணவர் ஈடுபாடு குறைவு’ என்பது உங்கள் தீர்ப்பு. ‘38 பேரில் 11 பேர்’ என்பது ஆசிரியரும் மறுக்க முடியாத சான்று. மதிப்பெண்ணை அன்று மாலைக்குள், ஒவ்வோர் அம்சத்துக்கும் தாளிலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகளைக் காட்டிப் போடுங்கள். சான்றே இல்லாத அம்சத்துக்கு ‘இன்று காணவில்லை’ என்று எழுதுங்கள். பூஜ்யம் போடாதீர்கள், குழுச் செயல்பாடு இல்லாத பாடத்தில் குழுச் செயல்பாட்டுக்கு மதிப்பெண் குறைப்பது தவறு.

ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவில் 2009 முதல் 2012 வரை சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த மெட் (MET – திறமையான கற்பித்தலை அளப்பது எப்படி என்று பார்த்த திட்டம்) ஆய்வு இதைச் சோதித்தது. ஒருவரே இன்னொரு பாடத்தையும் பார்ப்பதைவிட, அந்தப் பாடத்தை வேறொருவர் பார்க்கும்போது மதிப்பீட்டின் நம்பகத்தன்மை கூடுதலாக உயர்ந்தது. அதனால் மூன்று முறை பாருங்கள், அதில் ஒரு முறை உதவித் தலைமையாசிரியரோ மூத்த ஆசிரியரோ பார்க்கட்டும். ஒன்று முழுப் பாடவேளையாகவும் மற்ற இரண்டும் 15–20 நிமிடங்களாகவும் இருக்கலாம். வகுப்பும் நேரமும் மாறவேண்டும். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் மட்டுமே ஒருவரை மூன்று முறையும் பார்ப்பது நியாயமில்லை.

நேரம் கிடைக்காது என்கிறீர்களா? 12 ஆசிரியர்களுக்கு 36 உற்றுநோக்கல். 30 வாரங்களில் பரப்பினால் வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல்.

‘ஏ’ பிரிவு ஆசிரியைக்கும் மெல்லக் கற்போர் நிறைந்த ‘டி’ பிரிவு ஆசிரியருக்கும் ஒரே அளவுகோலா?

அளவுகோல் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அளக்கும் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் நான்கு நகர்ப்புறக் கல்வி மாவட்டங்களை ஆராய்ந்து புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையும், ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் வாய்த்த ஆசிரியர்களுக்கே உற்றுநோக்கலில் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதைக் காட்டியது. பளிச்சென்று வரும் பதில்கள் பார்ப்பவரை மயக்கிவிடுகின்றன.

எனவே பிள்ளை சரியாகச் சொன்னதை எண்ணாமல், தவறாகச் சொன்னபின் ஆசிரியர் என்ன செய்தார் என்று குறியுங்கள். அடுத்தவரிடம் தாவினாரா? எளிய கேள்வியாக உடைத்து அதே பிள்ளையிடம் திரும்பினாரா? ‘டி’ பிரிவில் இப்படி நான்கு முறை திரும்பிய ஆசிரியர் அந்த அம்சத்தில் முழு மதிப்பெண் பெறவேண்டியவர்.

தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைக் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தத்தை வைத்து ஒழுங்கை முடிவு செய்யாதீர்கள். 5, 10, 15ஆம் நிமிடங்களில் அறையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்து, கொடுத்த வேலையில் இல்லாதவர்களை மட்டும் எண்ணுங்கள். ஈராசிரியர் பள்ளிக்கும் இதே முறைதான்.

நான் தமிழாசிரியர். இயற்பியல் வகுப்பை எப்படி மதிப்பிடுவது?

பாடப்பொருளுக்கு நீங்கள் மதிப்பெண் போடாதீர்கள். அந்தப் பகுதியை அதே பாடத்தின் மூத்த ஆசிரியர் பார்க்கட்டும்; உங்கள் பள்ளியில் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து அழையுங்கள். எந்தப் பாடத்துக்கும் பொதுவானவற்றை நீங்கள் பார்க்கலாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பது அதில் முக்கியம். வழக்கமாக ஒரு விநாடிக்கு மேல் விடுவதில்லை. மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் 1970களிலேயே காட்டின. மனத்துக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டுமா?

முதல் முறை நாளையும் பாடவேளையையும் சொல்லுங்கள். அடுத்த இரண்டுக்கும் ‘இந்த வாரத்துக்குள்’ என்றால் போதும். ஒத்திகை பார்த்த வகுப்போ என்ற ஐயம் வந்தால் வரிசை எண் 4, 13, 22, 31 நோட்டுகளை வாங்கித் தேதிகளைப் பாருங்கள். நோட்டுகளை ஆசிரியர் எடுத்துத் தரவேண்டாம்.

(ஓர் ஆசிரியையின் கேள்வி) வகுப்பைப் பார்த்தபின் எதுவும் பேசாமல் உற்றுநோக்கல் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

போடுங்கள், ஆனால் ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதியிட்டுப் போடுங்கள். குறிப்பில் உடன்பாடில்லாத வரி இருந்தால் அதன் கீழேயே உங்கள் விளக்கத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். ‘வகுப்புக் கட்டுப்பாடு போதாது’ என்றிருந்தால், எந்த நிமிடத்தில் எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மறுநாளுக்குள் 20 நிமிடம் ஒதுக்குங்கள். அலுவலக மேசைக்கு எதிரே நிற்கவைத்துப் பேசாமல், அந்த வகுப்பறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் ஆசிரியர் சொல்லட்டும்: எது எண்ணியபடி நடந்தது, எது நடக்கவில்லை? பிறகு உங்கள் தாளை அவர் கையில் கொடுங்கள். திருத்தவேண்டியதாக ஒன்றை மட்டும் இருவரும் முடிவு செய்து, அதைப் பார்க்க எப்போது மறுபடி வருவீர்கள் என்ற தேதியைப் பதிவேட்டில் குறித்தபின் கையெழுத்து வாங்குங்கள்.