‘த’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தம்பி

தம்பி, சிங்கப்பூருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்று எழுதி, அறை வாடகை, சாப்பாடு, சிம் கார்டு எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே நம்மாட்கள் கூடும் தேக்காவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, “சீனாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ரிலேட்டிவ் கிளாஸ் எப்படிப் புரியவைப்பது?” என்று, சிங்கப்பூர் டியூஷன் சென்டரில் உங்களைத் திணற வைக்கப்போவது அதுதான். ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதில் ‘நான் வாங்கிய’ மாதிரி, பெயர்ச்சொல்லை விவரிக்கும் துணை வாக்கியம்தானே ரிலேட்டிவ் கிளாஸ்.

நம்மாட்கள் வந்ததும் செய்யும் தப்பு, டிஃபைனிங், நான்-டிஃபைனிங் என்று அதன் வகைகளைப் பலகை நிறைய எழுதுவது. இலக்கணப் பெயரெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே மனப்பாடம். வரிசைதான் வராது. ‘வோ சுவோத்தியென் மாய் த ஷு’: சொல்லுக்குச் சொல் ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’. அந்த ‘த’தான் வினையைப் பின்னால் வரும் பெயரோடு இணைக்கும் சீனச் சொல். நமக்கும் அவர்களுக்கும் ஒரே வரிசை, ஆங்கிலம்தான் தலைகீழ். வகுப்பில் தமிழை நினைப்பதே கேவலம் என்றிருக்கும் ஆசிரியர்களுக்கு இது கண்ணில் படாது.

சீன வாக்கியத்தை, சொல்லுக்கு ஒரு அட்டையாக, எழுதச் சொல்லுங்கள். ‘த’வுக்குப் பின்னால் இருக்கும் பெயர்ச்சொல்லைத் தூக்கி முன்னால் வையுங்கள். ‘த’ அட்டையைத் திருப்பி, ஆள் என்றால் ‘ஹூ’, பொருள் என்றால் ‘விச்’ எழுதிப் பெயரை ஒட்டி வையுங்கள். மிச்சம் பின்னால் வரட்டும், ‘நேற்று’ கடைசிக்குப் போகட்டும்: ‘தி புக் விச் ஐ பாட் யெஸ்டர்டே’. பலர் ‘பாட் இட்’ என்று எழுதுவார்கள். புத்தகம் இருந்த பழைய இடத்தில் வெற்று அட்டை ஒன்றை வையுங்கள், அந்த ‘இட்’ உதிர்ந்துவிடும். ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ்’ என்று ‘இன்’னை விழுங்கினால் கோபப்படாதீர்கள். ‘நான் இருக்கிற வீடு’ என்பதில் நாம் மட்டும் ‘இல்’ போடுகிறோமா?

‘தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு ஸீ யூ’ என்பது வேறு வியாதி. ‘யோவ்’ (‘இருக்கிறது’) என்று தொடங்கும் சீன வாக்கியத்தில் ஆள் முன்னாலேயே வந்துவிடுவார், ‘த’ இருக்காது, அட்டை உதவாது. காலம் காட்டும் வினைகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு இருந்தால் நடுவில் ‘ஹூ’ மாதிரி இணைப்பு ஒன்று வேண்டும். இது பழகும்வரை, ‘ஹூ’, ‘விச்’ இடத்தில் வரும் ‘தட்’டை விட்டுவிடலாம் என்று வாயே திறக்காதீர்கள். பிறகும், அடுத்த சொல் ‘ஐ’, ‘ஷி’ மாதிரி எழுவாயானால் விடலாம், வினையானால் கூடாது என்றால் போதும்.

கட்டுரையில் தப்பே இல்லையென்றால் அங்கேதான் உஷாராக வேண்டும். 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழி ஆய்வாளர், ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் கட்டுரைகளை மொழிக்கு ஐம்பதாக எண்ணிப் பார்த்தார்: பாரசீக மாணவர்கள் 174 ரிலேட்டிவ் கிளாஸ் எழுதினார்கள், சீன மாணவர்கள் 76தான். சீனர் தப்பு குறைவு, காரணம் அதைத் தவிர்த்தே எழுதியது. நூறு சொல்லுக்கு மூன்றாவது வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள்.

இன்னொன்று, சிங்லிஷை, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தை, கேட்டுச் சிரிக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘தட் அங்கிள் ஸெல் டுரியான் ஒன் வெரி ஃபியர்ஸ்’ (டுரியான் பழம் விற்கிற அந்த அங்கிள் ரொம்பக் கடுமை) என்று பிள்ளை கேன்டீனில் கற்றுக்கொண்டு வந்தால் அங்கிள் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டார், பாதி வேலை முடிந்தது. அந்த ‘ஒன்’ சீன ‘த’வேதான். அதை அங்கிளுக்குப் பக்கத்தில் நகர்த்தி ‘ஹூ’ ஆக்குங்கள், ‘ஸெல்’லுக்கு ஒரு ‘ஸ்’, ‘வெரி’க்கு முன் ஒரு ‘இஸ்’.