சோதனைக்கு வந்ததும் சரிகிறது

அன்புள்ள ஐயா,

மென்பொருள் உருவாக்கத்தில் நாங்கள் தேவைகள், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று, ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்னும் வாட்டர்ஃபால் முறையில் வேலை செய்கிறோம். கையெழுத்து வாங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. இருந்தும் சோதனைக்கு வந்ததும் எல்லாம் சரிகிறது. கட்டங்களையே கைவிட்டுவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கைவிட வேண்டாம். தவறு தெரியவரும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும்.

இந்தக் கட்டங்களைப் படிக்கட்டுபோல் அடுக்கிக் காட்டும் படம், 1970இல் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. 'வாட்டர்ஃபால்' என்ற சொல் அதில் கிடையாது. படத்தைப் போட்ட கையோடு, இதை அப்படியே செய்தால் ஆபத்து என்றும் அவர் எழுதினார். வேகம், நினைவகம், உள்ளீடு வெளியீடு எல்லாம் அதுவரை காகிதக் கணக்குதான். நிஜமாக ஓடுவது சோதனையில். அங்கே இடித்தால் வடிவமைப்புக்கோ தேவைகளுக்கோ திரும்ப வேண்டும், செலவோ காலமோ இரட்டிப்பாகலாம். அதனால் இரண்டு முறை செய்யச் சொன்னார்: 30 மாத வேலைக்கு 10 மாத முன்மாதிரி. படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கங்களை விட்டுவிட்டோமே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

உங்கள் கையெழுத்துகளைப் பாருங்கள். "தேடல் வேகமாக இருக்க வேண்டும்" என்ற வரியை யாரும் மறுக்க மாட்டார்கள், கேட்டவுடன் கையெழுத்து விழும். "500 பேர் ஒரே நேரத்தில் தேடினாலும் 100இல் 95 தேடல்களுக்கு 2 நொடிக்குள் விடை வர வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், வாதம் கிளம்பும். அந்த வாதம் முதல் கட்டத்திலேயே நடந்து முடியட்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். அதற்கான டெஸ்ட் கேஸை, அதாவது என்ன கொடுத்தால் என்ன விடை வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்பை, சோதனையாளர் அப்போதே எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அந்தத் தேவை இன்னும் தெளியவில்லை, கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய சோதனையை அந்தக் கட்டத்திலேயே திட்டமிடும் வி மாடலின் உயிரும் இதுதான்.

வடிவமைப்பின்போது, மிகவும் அஞ்சும் இடத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளி அமைப்போடு இணையும் இடமாக இருக்கும். ஒரே ஒரு பரிவர்த்தனை, திரையிலிருந்து தரவுத்தளம்வரை போய்த் திரும்பினால் போதும். பிறகு அந்த நிரலைத் தூக்கிப் போடுங்கள். அவசரத்தில் எழுதியதை அடித்தளமாக்கினால் அதன் ஓட்டைகள் கடைசிவரை கூடவே வரும்.

கையெழுத்துக்குப் பின் தேவை மாறத்தான் செய்யும். மாற்றத்தையும் அதே எண்ணில் பதியுங்கள். எந்த வடிவமைப்புப் பகுதி, எந்த டெஸ்ட் கேஸ் மாற வேண்டும் என்பதை, ஒப்புக்கொள்வதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் காட்டலாம்.