நகராட்சியிடம் என்ன கேட்கலாம்? நீலகிரி வியாபாரிகளின் கேள்விகள்

உதகை, குன்னூர், கூடலூர் பக்கத்து வியாபாரிகள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் தெரியும்.

அண்ணா, சேரிங் கிராஸ் பக்கம் மக்காச்சோள வண்டி போடுகிறேன். சீசன் வந்தாலே விரட்டுகிறார்கள். போன மாதம் தராசையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்ன செய்வது?

தம்பி, முதலில் ஒன்று சொல். உன்னிடம் விற்பனைச் சான்றிதழ் இருக்கிறதா? 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகராட்சி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, தகுதியுள்ள எல்லோருக்கும் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகு இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

பொருளை எடுத்தால் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, ஒரு நகல் உன் கையில் கொடுக்க வேண்டும். நீ போய்க் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தராசு மாதிரி அழுகாத பொருளுக்கு இரண்டு வேலை நாள். நம் ஆட்கள் பட்டியல் கேட்பதே இல்லை. ‘அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள்’ என்று ஐந்நூறை நீட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ரசீது இல்லாத பணம் யார் கணக்கில் ஏறும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்தச் சட்டப்படி, தெருவோர வியாபாரத்துக்கென நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். உங்கள் ஊர்க் குழுவில் இருப்பது யார், கடைசியாக எப்போது கூடியது என்று ஆணையருக்கு எழுத்தில் கேள். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். மனுவாகக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள். இன்னொன்று, சான்றிதழை வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் ரத்து.

சான்றிதழ் இருந்தால் கடன் கிடைக்குமா, ஐயா?

கிடைக்கும். தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் திட்டம் 2020-இல் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கியது. இப்போது முதல் கடன் 15,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, அப்புறம் 50,000. அடமானம் இல்லை. தவறாமல் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் வங்கிக் கணக்கில் விழும். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள் நகராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பணம் கொடுப்பது வங்கி. நகராட்சி செய்வது ‘இவர் எங்கள் ஊர் வியாபாரி’ என்று கையெழுத்துப் போடுவது மட்டும்தான். பழைய நுண்கடன் பாக்கி இருந்தால் வங்கி அங்கேயே நிறுத்திவிடும். அதை முதலில் முடித்துவிட்டுப் போங்கள்.

அப்பா பெயரில் நகராட்சி மார்க்கெட் கடை இருக்கிறது. அவர் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். வாடகையை வேறு ஏற்றிவிட்டார்கள்.

வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்தால் கடை நம்முடையது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமம் உங்கள் பெயரில் இல்லாதவரை நீங்கள் வெளியாள்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கடைசி வாடகை ரசீது மூன்றையும் வைத்துப் பெயர் மாற்ற மனு கொடுங்கள். கடை ஏலத்துக்கு வருவதற்கு முன்பே கொடுங்கள். ஏற்றம் எவ்வளவு என்பது ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. ஜிஎஸ்டி தனி. உள்வாடகைக்கு விட்டிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன் அண்ணா. பெரிதாக்க நகராட்சி உதவுமா?

அம்மா, பணம் நகராட்சியிடம் இல்லை. ஊட்டியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். உணவுத் தொழிலுக்கு மத்திய அரசின் சிறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் பத்து லட்சம். அதற்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும் எடுத்துவிடுங்கள். உத்யம் இலவசம். பிரவுசிங் சென்டரில் ஆயிரம் ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, வாடிக்கையாளர் கையில் பிளாஸ்டிக் பை கொடுக்காதீர்கள். மாநிலத் தடை 2019 ஜனவரியில்தான் வந்தது, நம் மாவட்டத்தில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே கெடுபிடி.

வெளியூர் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. நகராட்சியால் ஒன்றும் செய்ய முடியாதா?

பாஸை எடுக்க முடியாது. அது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2024 மே 7-இல் தொடங்கியது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. வண்டி குறைந்ததால்தான் வியாபாரம் குறைந்தது என்பதை நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வந்த வண்டிக்காரன் இறங்க இடமில்லாமல் கடைவீதியைத் தாண்டிப் போய்விடுகிறான். வண்டி நிறுத்துமிடம், சுத்தமான கழிப்பறை, நடைபாதை, விளக்கு. இவை எல்லாம் நகராட்சி கையில் இருப்பவை. கோர்ட்டை நொந்துகொள்ளும் நேரத்தில் பாதியை நகர்மன்றக் கூட்டத்துக்குக் கொடுத்தால் கழிப்பறையாவது வரும்.

எங்கள் தெருவுக்கு விளக்கும் கல்தளமும் கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள்.

நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கடைக்காரர்கள் சேர்ந்து கட்டினால் மீதியை அரசு போடும். முப்பது கடை இருக்கிற தெருவுக்கு அது தூக்க முடியாத பாரம் இல்லை. எல்லோரும் கட்டுவார்களா என்பதுதான் சிக்கல், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வார்டுக்குள் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் கோரிக்கையை வையுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

கடைக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாமா?

ஏழு மீட்டருக்கு மேல் உயரம் போனால் தொடவே வேண்டாம். அதற்குள் என்றாலும் வரைபட அனுமதி வாங்காமல் ஒரு செங்கல் வைக்காதீர்கள். மலையில் சீல் வைத்த கட்டடத்தைத் திறக்க நடந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.