பதில்: விதி தெரிகிறது, பதிவு வரவில்லை

வணக்கம் டீச்சர். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பிள்ளைகள் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) விதிகளை மடமடவென ஒப்பிக்கிறார்கள், ஆனால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் திணறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே அனுபவம் உண்டு. பிள்ளைகள் மேல் தவறில்லை. நடப்பைப் பார்க்கும் முன்பே விதியைக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வாரம் புத்தகத்தை மூடிவையுங்கள். தெருமுனை மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 1,200 ரூபாய் அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கடைக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். முதலில் "அவர் அரிசிதானே" என்பார்கள். வாதாட விடுங்கள். கடை வேறு, முதலாளி வேறு என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். அப்புறம் எடுப்புகள் (முதலாளி சொந்தத் தேவைக்கு எடுப்பவை) கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு என்று எழுதிக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

இப்படி ஒவ்வொரு நடப்பையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையும் வியாபாரிகளிடம் பிறந்ததுதான். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே பின்பற்றியதைத்தான் 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி அச்சில் விளக்கினார். இதையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தேர்வுக்குப் பாடம் முடியாதே என்ற பயம் நியாயம்தான். வாரம் ஒரு வகுப்பு மட்டும் இதற்கு ஒதுக்கினாலும் போதும். எந்தப் பதிவில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள், அதற்கும் ஒரு கடைக் கதை யோசிக்கலாம்.