அம்மாவை அழைக்குமுன் உங்கள் லீவை எடுங்கள்

கேள்வி: ஸ்டாக்ஹோமில் ஐந்து வருடமாக ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மூன்றரை வயதில் மகள், ஒன்பது மாதத்தில் மகன். இருவரும் இங்கேதான் பிறந்தார்கள். மனைவி வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். ஆனாலும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், சில நாள் காரணமில்லாமல் அழுகிறாள். எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிற ஊரில் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமா? தஞ்சாவூரிலிருந்து அம்மாவை (வயது 67) நவம்பரில் வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. உங்கள் மனைவி என்ன கேட்டார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்கு வர விருப்பமா என்பதும் இல்லை. இரண்டு பெண்களை வைத்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். அதில் உங்கள் பங்கு விமான டிக்கெட் மட்டும்தான்.

மெஷின் துணி துவைக்கும். ஆனால் ஜனவரி காலையில் மகளுக்குக் கம்பளி உள்ளாடை, மேலே ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் தலை முதல் கால்வரை மூடும் ஓவரால், கையுறை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டி முடித்து, தம்பிக்கு ஜிப்பை இழுக்கும்போது "அம்மா, ஒண்ணுக்கு" என்று அவள் நின்றால், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுவது எந்த மெஷின்? அதற்குள் சின்னவன் வியர்த்து வீறிடுவான். பிறகு பனிச்சேற்றில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போக வேண்டும். பெற்றோரில் ஒருவர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தால், மூத்த பிள்ளைக்கு அங்கே சட்டப்படி உறுதியானது வாரத்துக்கு 15 மணி நேரம்தான். வீடு திரும்பி ஒரு வாய் சாப்பிடுவதற்குள் மீண்டும் கிளம்ப வேண்டியதுதான். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இதில் நாள் முழுக்கப் பெரியவர் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பவர் அழுவதைக் "காரணமில்லாமல்" என்கிறீர்கள்.

நீங்கள் இருக்கும் நாடு எது என்பதையே மறந்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தந்தையும் பங்கிட்டுக்கொள்ளும்படி சம்பளத்தோடு கூடிய பெற்றோர் விடுப்பை 1974-லேயே கொண்டுவந்து உலகுக்கு வழிகாட்டிய நாடு ஸ்வீடன். ஒரு குழந்தைக்கு 480 நாட்கள். அதில் 390 நாட்களுக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அரசுக் காப்பீட்டிலிருந்து வரும். தந்தைக்கென்றே ஒதுக்கிய 90 நாட்களை மனைவிக்கு மாற்றித் தரவும் முடியாது. நீங்கள் எடுக்காவிட்டால் அவை யாருக்கும் இல்லாமல் போகும். குழந்தைக்கு நான்கு வயது ஆனபின் மொத்தத்தில் 96 நாட்களைத்தான் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு இன்னும் ஆறே மாதம். அவள் கணக்கில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பார்த்தீர்களா?

"ஆபீசில் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் நம் ஊர்ப் பயம். அங்கே உங்கள் மேலாளரே தன் குழந்தைக்காக மாதக்கணக்கில் லீவு போட்டவராக இருக்கலாம். இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்தால், மறுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருக்கத் தனி உதவித்தொகையும் உண்டு; அதையும் தந்தை வாங்கலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான சாதாரண ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். அதற்கு மேல் என்றால் காரணம் காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்தாலும், தஞ்சாவூரில் விடிந்ததும் வாசல் தெளித்து, பூக்காரியோடு நாலு வார்த்தை பேசி, கோயிலுக்கு நடந்து போய் வரும் ஒருவரை, நவம்பர் இருட்டில், பனிக்கட்டி உறைந்த நடைபாதைக்குப் பயந்து மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குள் அடைக்கப் போகிறீர்கள். அவர் உங்களை வளர்த்து முடித்துவிட்டார். கோடையில், மே கடைசியில் அழைத்து வாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; பேத்தியோடு பூங்காவில் உட்காரலாம். வேலைக்கென்று கூப்பிடாதீர்கள், பார்க்கக் கூப்பிடுங்கள்.

மனைவியின் அழுகையை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். கோபமாகவும் அது வெளிப்படும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் குழந்தை நல மையத்தின் நர்ஸிடம் இதைச் சொல்லலாம். மருத்துவ ஆலோசனைக்கான 1177 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தாலும் எங்கே போவது என்று வழி சொல்வார்கள். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும்.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இத்தனை நாள் லீவு இருக்கிறது, எப்போது எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். அவர் வேலையை விட்டவர். திரும்ப வேலை தேட ஸ்வீடிஷ் மொழி வேண்டும். குடியேறியவர்களுக்கு அதை இலவசமாகவே கற்பிக்கிறார்கள். அவர் வகுப்புக்குப் போகும் நேரத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் திறந்த பாலர் பள்ளிக்கு நீங்கள் போங்கள். கட்டணம் இல்லை, பெற்றோர் கூடவே இருந்து குழந்தையை விளையாட விடும் இடம் அது. வார நாளிலும் தகப்பன்மார் அங்கே தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.