லான்சியா அவுரேலியா பி20 ஜி.டி. வாங்க நினைக்கிறேன், எந்த சீரிஸ் நல்லது, எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் 4ஆம் சீரிஸ். எந்த சீரிஸாக இருந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன் வண்டியைத் தூக்கிப் பின்பக்கத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். இந்தக் காரின் அருமையும் அதற்கு ஆகும் செலவும் அங்கேதான் இருக்கின்றன.

காரணம் அதன் அமைப்பு. சாதாரணமாக என்ஜினோடு ஒட்டியிருக்கும் கிளட்சும் கியர்பாக்ஸும் இதில் பின்னால், டிஃபரென்ஷியலோடு (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரே கட்டாக இருக்கின்றன. பின் பிரேக் டிரம்கள்கூடச் சக்கரத்தில் இல்லை, அந்தக் கட்டின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. எடை முன்னும் பின்னும் பங்கிடப்படுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையும் குறைகிறது. வளைவில் இந்தக் கார் அவ்வளவு நிதானமாகத் திரும்புவது இதனால்தான்.

இப்படி யோசிப்பது லான்சியாவுக்குப் பழகிய விஷயம். வின்சென்சோ லான்சியா 1906இல் இத்தாலியின் டுரினில் தொடங்கிய நிறுவனம் இது. 1922இல் வந்த அதன் லாம்டா, தனிச் சட்டம் இல்லாமல் பாடியே சுமையைத் தாங்கும் கார். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். 1937இல் அவர் இறந்தபின், மகன் ஜான்னியின் காலத்தில் உருவானதுதான் அவுரேலியா. தலைமைப் பொறியாளர் வித்தோரியோ யானோ. என்ஜின் ஃபிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோவின் கணக்கு: ஆறு சிலிண்டர் 'வி' வடிவில் இரண்டு வரிசையாக (இதுதான் வி6), வரிசைகளுக்கு இடையே 60 பாகை, பிஸ்டனை இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் ஷாஃப்டில் தனிப் பின். அதனால் ஆறு சிலிண்டரும் 120 பாகைக்கு ஒருமுறை சீராக எரியும். இது 1950இல் பி10 செடானில் வந்தபோது, வரிசை உற்பத்திக்கு வந்த உலகின் முதல் வி6 ஆனது. ரோமிலிருந்து வடமேற்குக் கடலோரமாகச் செல்லும் பழைய சாலையின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள்.

பி20 கூப்பே 1951 ஏப்ரலில் டுரின் கண்காட்சியில் வந்தது. அதே மாதம் இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ஜொவான்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மாலியோலியும் 2 லிட்டர் பி20இல் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். முன்னால் போனது வில்லொரேசியின் 4.1 லிட்டர் ஃபெராரி மட்டும்தான். 1952இல் சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் முதல் மூன்று இடமும் அவுரேலியாவுக்கே. 1954இல் லூயி ஷிரோன் மான்டே கார்லோ ராலியை வென்றதும் பி20இல்தான். "ஜி.டி. (கிரான் டூரிஸ்மோ) என்ற பெயரை முதலில் சூடிய கார்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஆல்ஃபா ரோமியோ 6சி 1750 அந்தப் பெயரை முன்பே வைத்திருந்தது. ஆனால் கூரை மூடிய, நெடுந்தூரம் களைப்பில்லாமல் போகக்கூடிய, வார இறுதியில் பந்தயமும் ஓடக்கூடிய கூப்பே என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு நிலைத்தது இந்தக் காரால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி சீரிஸ். முதல் இரண்டும் 1991 சி.சி., 75 முதல் 80 குதிரைத்திறன். 1953இல் 3ஆம் சீரிஸில் 2451 சி.சி., 118 குதிரைத்திறன்: இதுதான் வேகமானது. ஆனால் இந்த 3ஆம் சீரிஸ் வரை பின்சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கியது சாய்ந்த ட்ரெய்லிங் ஆர்ம் என்ற கைகள். எல்லை வரை ஓட்டி வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் வால் சட்டென வெளியே போகும். 1954இல் வந்த 4ஆம் சீரிஸில் டி டியோன் அச்சு (இரு பின்சக்கரங்களையும் ஒரு குழாய் இணைக்கும், டிஃபரென்ஷியல் பாடியோடு நிற்கும்) பொருத்தி இதைச் சரிசெய்தார்கள். இடதுபக்க ஸ்டீயரிங்கும் அப்போதுதான் வந்தது; பெயரில் 'எஸ்' இருந்தால் இடது. 5, 6ஆம் சீரிஸ்களில் 110, 112 குதிரைத்திறன்தான், வண்டியும் கனம். குறைந்த சுற்றில் நன்றாக இழுக்கும், நீண்ட பயணத்துக்குச் சுகம். பந்தயச் சுறுசுறுப்பை அவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

சோதனைக்கு வருவோம். டிஃபரென்ஷியலின் இருபுற ஆயில் சீல்களைப் பாருங்கள். அவை கசிந்தால் ஆயில் நேராகப் பக்கத்திலுள்ள பிரேக் ஷூவில் படும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். சீலின் விலை சொற்பம், ஆனால் அங்கே போய்ச் சேர நிறையக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்றுவதும் அப்படியே. ஆகவே ஒன்றுக்காகக் கழற்றினால் சீல், பிரேக் ஷூ, கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது, கிளட்ச் பின்னால் இருப்பதால் என்ஜினிலிருந்து பின்னால் செல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் எப்போதும் என்ஜின் வேகத்திலேயே சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் ரப்பர் இணைப்புகள் தளர்ந்திருந்தாலோ பேலன்ஸ் போயிருந்தாலோ அதிர்வு இருக்கையிலேயே தெரியும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் செய்தாலும் அதிர்வு வந்தால் சந்தேகம் டயரில் இல்லை, ஷாஃப்டிலோ என்ஜினிலோதான்.

முன்பக்கம் ஸ்லைடிங் பில்லர்: சக்கரம் ஒரு செங்குத்துத் தண்டில் வழுக்கி ஏறி இறங்கும், சுருள்வில்லும் டாம்பரும் அதற்குள்ளேயே. ஆயில் வற்றினால் புஷ் தேயும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் பில்லர். இரண்டுக்கும் செலவில் வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரம்.

என்ஜின் பிளாக் அலுமினியம், லைனர்கள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்கள்) இரும்பு, நடுவில் தண்ணீர். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் அலுமினியம் அரித்து, லைனரின் அடி சீல் வழியே தண்ணீர் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் உட்புறத்திலோ வெண்ணெய்போல் படிந்திருந்தால் பேரத்தை நிறுத்துங்கள். வாங்கிய பின் அரிப்புத் தடுப்பானுள்ள கூலன்ட் ஊற்றி 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். என்ஜின் எண்ணின் முன்னொட்டு பி20தானா என்பதையும் பாருங்கள். செடான் என்ஜின் ஏற்றிய வண்டிக்கு அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

துருதான் மிகப்பெரிய எதிரி. கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி அலங்காரமல்ல, வண்டியின் முதுகெலும்பு. கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றிருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது. சில்லை வெட்டி வெல்டிங் செய்யும்போது பாடியைப் பல இடங்களில் தாங்கி, கதவுகளை மூடி வைத்து, ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வளைந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது.

டயர் 165-400. அந்த 400 மில்லிமீட்டர் கணக்கு, அங்குலமல்ல. 16 அங்குல டயர் 406 மில்லிமீட்டர். ரிம்மில் ஏறும், ஆனால் விளிம்பில் இறுகிப் பிடிக்காது, வளைவில் கழன்றுவிடும். மிஷ்லின் எக்ஸ் டயரை இந்த அளவில் இன்றும் செய்கிறார்கள், அதையே போடுங்கள்.